கணக்கில் சேராத 10 மாதம் 24 நாள்

போலீஸ்காரரான என் அப்பா ரிட்டையர் ஆக இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. 2018 பொங்கல் முடிந்த வாரம். பந்தோபஸ்து முடித்து ராத்திரி வந்தவர், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்து, ஃபேன் காற்றில் பறந்துவிடாமல் இருக்கத் தொப்பியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். “ஏட்டி, பென்ஷன் கணக்காம். பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாவ. காலையில கொண்டு போவணும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். தாளில் எண் இருந்தால் கை சும்மா இருக்காது. எடுத்துப் பிரித்தேன். பணியில் சேர்ந்த நாள் 1.11.1988. ஓய்வு பெறும் நாள் 30.6.2019. மொத்தப் பணிக்காலம் 30 வருடம் 8 மாதம். அதற்குக் கீழே ‘கழிக்க வேண்டியவை’ என்று இரண்டு வரி. 1992இல் 5 மாதம். 2001இல் 10 மாதம் 24 நாள். கடைசியில் கோடு போட்டு, ‘தகுதியுள்ள பணிக்காலம் 29 வருடம் 4 மாதம் 6 நாள்’ என்று எழுதியிருந்தது.

2001 என்று பார்த்ததும் அதற்குமேல் படிக்க முடியவில்லை. அந்த 10 மாதம் 24 நாள் என்னவென்று எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது.

2000ஆம் வருடம் பாதியில் அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் சொன்னபடி திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்குப் போனோம். திருநெல்வேலிச் சீமையில் புற்றுநோய் என்றால் பாதிப் பேர் போகிற வழி அதுதான். விடியற்காலையில் ஜங்ஷனில் பஸ் ஏறி, நாகர்கோவில், மார்த்தாண்டம் தாண்டிப் போய் இறங்க வேண்டும். ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, கரண்டு வைப்பது என்கிற கதிர்வீச்சு என்று ஒன்று மாற்றி ஒன்று. அப்பா முதலில், வேலை பார்த்த நாளுக்கேற்பச் சேருகிற ஈட்டிய விடுப்பைப் போட்டார். வருடா வருடம் சரண்டர் போட்டுப் பணமாக்கியதில் மிச்சம் கொஞ்ச நாள்தான் இருந்தது. அது தீர்ந்ததும் சொந்தக் காரணத்துக்கான ஈட்டா விடுப்பு. அதுவும் தீர்ந்தபோது அம்மாவின் வைத்தியம் பாதியில் நின்றது. 2001 பிப்ரவரி 8ஆம் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் அடுப்படி அப்பாவுடையது. ஆச்சி ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் இருந்தாள், அவளுக்கும் முடியாமல் போய்விட்டது. சொதி வைத்தால் தேங்காய்ப்பால் திரிந்துபோகும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சொதி இல்லாமல் இருக்கக் கூடாது என்று வைப்பார். காலையில் எனக்கு ரெட்டைச் சடை பின்னிவிடுவதும் அவர்தான். பரேடுக்குப் பெல்ட்டை இழுத்துக் கட்டுகிற கை அது. பின்னி முடித்தால் கண் மேலே ஏறிக்கொள்ளும், மத்தியானம் வரை தலை வலிக்கும். வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்து அறையில் அம்மா தலையில் ஒரு முடி இல்லாமல் படுத்திருந்தாள்.

சம்பளம் நின்றுபோன வீடு எப்படி நடந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவின் வளையல், அப்பா வைப்பு நிதியில் ஏற்கெனவே எடுத்திருந்த முன்பணம், மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டு. யூனிட்டில் இருந்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டு ஒருமுறை கவரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று அப்பா எழுதி வைத்திருந்தார். அவரவர் வீட்டு விசேஷத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்தார்.

அந்த நாட்களைத்தான் ‘கழிக்க வேண்டியவை’ என்று போட்டிருந்தார்கள்.

அப்பா குளித்துவிட்டு வந்ததும் கேட்டேன். அவருக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. “தெரிஞ்சுதாம்ட்டி போட்டேன். அன்னைக்கே ரைட்டர் சொன்னாரு, இது பென்ஷனுக்குச் சேராதுய்யா, யோசிச்சுக்கோன்னு. யோசிக்கதுக்கு என்ன இருக்கு?” என்றார். “சரி, 1992இல் என்ன அஞ்சு மாசம்?” என்றேன். “கால் ஒடிஞ்சு கெடந்தம்லா. அதுவும் லாஸ் ஆஃப் பேதான். ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் தேடினார்.

பேனாவை நான் கொடுக்கவில்லை. அப்பா சொன்ன “ரெண்டும் ஒண்ணுதான்” என்பதற்காகவே இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டும் ஒன்று இல்லை. காவல்துறையில் வேலை பார்க்கிற எத்தனையோ பேர் இரண்டும் ஒன்று என்றே நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருந்தார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் பைல் பார்த்தே முடி நரைத்தவர். மறுநாள் காலை அப்பாவை ஒருநாள் பொறுக்கச் சொல்லிவிட்டுத் தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டி ஒரு நிமிடம்தான் பார்த்தார். “ரெண்டாவது வரிய விடு தாயி, அது போனது போனதுதான். மொத வரி எதுக்குக் கழிஞ்சிருக்கு? கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரில கெடந்த லீவுன்னா அது கழியக் கூடாதே” என்றார்.

அவர் அன்றைக்குச் சொன்னதையும் அதற்குப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்னால் தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன். அதற்கு 1978ஆம் வருடத்து ஓய்வூதிய விதிகள்தான் அடிப்படை. போலீஸ்காரருக்கும் அதுவே. எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்று அதில் பார்ப்பதில்லை, எத்தனை வருடம் ‘தகுதியுள்ள பணிக்காலம்’ என்றுதான் பார்க்கிறார்கள். 10 வருடம் இருந்தால்தான் மாதா மாதம் பென்ஷன். 30 வருடம் இருந்தால் முழுப் பென்ஷன், அதாவது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. நடுவில் இருக்கிறவர்களுக்கு அரை வருடம் அரை வருடமாக எண்ணுவார்கள். 30 வருடம் என்பது 60 அரை வருடம். 59 இருந்தால் அறுபதில் ஐம்பத்தொன்பது பங்கு.

சம்பளத்தோடு எடுக்கிற எந்த விடுப்பும் இந்தக் கணக்கில் சேரும். ஈட்டிய விடுப்பு சேரும், ஈட்டா விடுப்பு சேரும், மகப்பேறு விடுப்பு சேரும். சம்பளமில்லா விடுப்புக்கு வரும்போதுதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. தன் உடம்புக்கு முடியாமல் மருத்துவச் சான்று கொடுத்து எடுத்திருந்தால், சம்பளம் வராவிட்டாலும் அந்த நாள் பென்ஷனுக்குச் சேரும். சான்று இல்லாமல் சொந்தக் காரணம் என்று எடுத்திருந்தால் சேராது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பது விதியின் கண்ணில் சொந்தக் காரணம். யாருக்கு நோய் வந்தது என்பதுதான் அங்கே கேள்வி.

ரிஜிஸ்டரில் இரண்டும் ஒரே பெயரில் வருகிறது என்பதுதான் சிக்கல். ஸ்டேஷனில் ‘லாஸ் ஆஃப் பே’ என்பார்கள், ஆபீசில் ‘ஈ.ஓ.எல்.’ என்பார்கள். பணிப்பதிவேட்டில் அந்தப் பெயரோடு ‘மருத்துவச் சான்றின் பேரில்’ என்ற மூன்று சொல் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பாவின் 1992ஆம் வருடத்துப் பதிவில் அந்த மூன்று சொல் இல்லை.

அப்பா வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருடம் அது. டூட்டி முடித்து சைக்கிளில் வரும்போது லாரி தட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. டூட்டியில் இல்லாததால் அதற்கென்று தனி விடுப்பும் கிடையாது. மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பு ஒருவருக்கு எவ்வளவு என்பது சர்வீசைப் பொறுத்தது. ஐந்து வருடத்துக்குள் இருக்கிறவருக்கு 90 நாள்தான். அதற்கு மேல் போகப் போக 180, 270, 360 என்று ஏறி, 20 வருடம் தாண்டினால் 540 நாள் வரை போகும். புதுப் போலீஸ்காரருக்குக் கால் ஒடிந்தாலும் 90 நாளில் எலும்பு கூட வேண்டும். கூடவில்லை. மிச்சம் 5 மாதம் சம்பளம் இல்லாமல் ஊரில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார்.

சரி, இந்த 5 மாதத்தால் எவ்வளவு பணம் என்று கேட்பீர்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கடைசிச் சம்பளத்தை 48,000 என்று வைத்துக்கொள்வோம். முழுப் பென்ஷன் 24,000. அப்பாவின் தாளில் இருந்த 29 வருடம் 4 மாதத்தில் 58 அரை வருடம் முழுசாக இருக்கிறது, மேலே 4 மாதம் நிற்கிறது. 3 மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஓர் அரை வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ஆக 59. பென்ஷன் 23,600. மாதம் 400 ரூபாய் குறைகிறது.

அந்த 5 மாதம் திரும்ப ஏறினால் 29 வருடம் 9 மாதம் 6 நாள். 59 அரை வருடமும் மேலே 3 மாதம் 6 நாளும். ஆக 60. முழுப் பென்ஷன்!

400 ரூபாய் சின்னத் தொகை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பென்ஷன் சாகும்வரை வருவது, அதன்மேல் அகவிலைப்படி ஏறிக்கொண்டே போகும். படி 50 சதவீதம் ஆகும்போது அந்த 400 என்பது 600. ஓய்வு பெறும்போது மொத்தமாகத் தருகிற பணிக்கொடையும் குறையும். ஒவ்வோர் அரை வருடத்துக்கும் சம்பளமும் படியும் சேர்ந்ததில் கால் பங்கு என்பது அதன் கணக்கு. 2019 ஜூனில் படி 12 சதவீதம், 48,000க்கு 5,760. இரண்டும் சேர்ந்து 53,760. ஓர் அரை வருடம் போனால் 13,440 ரூபாய் போச்சு. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாமே, அந்தத் தொகையும் அதே விகிதத்தில் இறங்கும். கால் ஒடிந்து கிடந்தவனிடமிருந்து இதை ஏன் எடுக்க வேண்டும்?

அண்ணாச்சி சொன்னபடி அப்பா எழுதிக் கேட்டுத் தன் பணிப்பதிவேட்டைப் பார்த்தார். அந்தப் பக்கத்தை அவர் கையாலேயே நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். மேல் வரியில் ‘90 நாள் ஈட்டா விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரில்’. அடுத்த வரியில் சிவப்பு மையில் ‘5 மாதம் ஊதியமில்லா விடுப்பு’. அவ்வளவுதான். இரண்டு வரிக்கும் நடுவில் ஒருநாள் கூட இடைவெளி இல்லை. அதே கால், அதே கட்டு. மேல் வரியை எழுதிய கை அடுத்த வரியில் மூன்று சொல்லை விட்டுவிட்டது. எழுதியவர் யார் என்று இப்போது யாருக்கும் தெரியாது. அந்த ஆபீசின் பெயரும் இங்கே வேண்டாம்.

“சான்று கொடுத்ததுக்கு ஆதாரம் இருக்கா?” என்று கேட்டார்கள். 26 வருடத்துக்கு முந்தைய விடுப்பு பைல் அங்கே இல்லை. நடுவில் எத்தனையோ மாறிவிட்டது. 1997இல் திருநெல்வேலிக்கு மாநகரக் காவல் ஆணையரகம் வந்தது, ஆட்களும் காகிதங்களும் இடம் மாறினார்கள். அப்பாவே ஆறேழு இடம் மாறிவிட்டார். “பழைய பேப்பர ஏன் கிண்டுதீங்க, ஒரு அரை வருசந்தானே” என்று ஒருவர் சொன்னாராம். அன்று இரவு அப்பா, “விட்டுரலாம்ட்டி” என்றார். முப்பது வருடம் மெமோவுக்குப் பதில் எழுதிப் பழகிய மனிதர், தனக்காக ஒரு மனு எழுதத் தயங்கினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

காகிதத்தைக் கண்டுபிடித்தது அம்மா. எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கு மேலே ஒரு எல்.ஐ.சி. பை தொங்கும். ரேஷன் கார்டு, நகைச் சீட்டு, எங்கள் பிறப்புச் சான்று எல்லாம் அதில்தான். கல்யாணமான புதிதில், கால் ஒடிந்த புருஷனுக்கு மருந்து வாங்கிய சீட்டு முதற்கொண்டு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி அதில் வைத்திருந்தாள். ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. பிய்த்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் என்று, கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டு நகத்தால் மெல்ல மெல்ல எடுத்தாள். அரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே பழுப்பேறிய டிஸ்சார்ஜ் சீட்டு. அதற்கு அடியில், அரசு மருத்துவர் கொடுத்த ‘பணிக்குத் தகுதியானவர்’ என்ற சான்றின் நகல். நீல மை ரப்பர் ஸ்டாம்ப் மங்கியிருந்தது. தேதி மட்டும் தெளிவாக இருந்தது. அந்தத் தேதிக்கு மறுநாள்தான் அப்பா டூட்டியில் சேர்ந்திருக்கிறார்.

மனுவை நான் எழுதினேன், அண்ணாச்சி திருத்தினார். “கோவத்த எழுதாதே தாயி. தேதிய எழுது” என்றார். தேதி தேதியாக எழுதினோம். மேல் வரியில் மருத்துவச் சான்று என்று பதிவாகியிருக்கிறது, அடுத்த விடுப்பு இடைவெளி இல்லாமல் அதன் தொடர்ச்சி, கடைசியில் தகுதிச் சான்று கொடுத்துத்தான் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டிருக்கிறார். உரிய வழியாக மனு போயிற்று. இரண்டு முறை திரும்பி வந்தது, ஒருமுறை நகலில் கையொப்பம் இல்லை என்று, இன்னொரு முறை கேள்வியே இல்லாமல். மூன்றாவது முறை போனதை எடுத்துப் பார்த்த உதவியாளர் நல்ல மனுஷி. அம்மா எண்ணெய் தொட்டு எடுத்த காகிதத்தைக் கையில் வாங்கியதும் நாற்காலியைக் காட்டி அப்பாவை உட்காரச் சொன்னாராம். ஏழாவது மாதம் ஆணை வந்தது. பணிப்பதிவேட்டில் அந்தச் சிவப்பு வரிக்குப் பக்கத்தில் மூன்று சொல் ஏறியது.

இரண்டாவது வரிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

என் அப்பா வேலை பார்த்த காலத்தில் போலீஸ்காரருக்கு வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு என்று ஒன்று நடைமுறையில் கிடையாது. அதற்கான அரசாணை 2021இல்தான் வந்தது, அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து. முப்பது வருடம் ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்று பாராமல் நின்றிருக்கிறார். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் ஓடுகிறபோது ஊரே வடம் பிடிக்கும், நாங்கள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரதவீதியில் நின்று, கூட்டத்துக்கு நடுவில் எந்தக் காக்கிச் சட்டை அப்பா என்று தேடுவோம். அப்படி அதிகமாக நின்ற நாளெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பெண்டாட்டி சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருந்த நாள் மட்டும் நாள் பிசகாமல் எண்ணிக் கழிக்கப்பட்டிருக்கிறது. அந்த வருடம் இன்கிரிமென்ட்டும் தள்ளிப்போனது. சம்பளமில்லா விடுப்பில் பத்து நாளுக்கு ஒருநாள் என்று ஈட்டிய விடுப்பிலும் பிடிப்பார்கள். ஏறக்குறைய அந்த வருடத்து 30 நாளும் அதிலேயே போயிற்று.

விதி எழுதியவர்களுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும். வெளிநாட்டுக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டு வந்து பென்ஷனும் கேட்கிறவரை நினைத்து எழுதியிருப்பார்கள். அவரையும் என் அப்பாவையும் ஒரே வரியில் வைக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். கணவனோ மனைவியோ பிள்ளையோ பெற்றவர்களோ கடும் நோயில் கிடக்கும்போது, அரசு மருத்துவமனைச் சான்றோடு எடுக்கும் சம்பளமில்லா விடுப்பைப் பென்ஷனுக்குச் சேர்க்க வேண்டும். அரசு சம்பளம் கொடுக்க வேண்டாம். நாளை மட்டும் கழிக்காமல் இருந்தால் போதும்.

பெண் போலீசாருக்கு இது இன்னும் கொடுமை. எங்கள் குவார்ட்டர்ஸில் ஓர் அக்கா இருந்தார். 1999இல் சேர்ந்தவர். அவருக்குப் பிள்ளைகள் பிறந்த காலத்தில் மகப்பேறு விடுப்பு 90 நாள்தான். 2011இல்தான் அது 6 மாதம் ஆயிற்று, 2016இல் 9 மாதம், 2021இல் 12 மாதம். மூன்று மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டு ராத்திரி காவல் நிற்கிற பாரா டூட்டிக்கு யார் போக முடியும்? இரண்டு பிரசவத்துக்கும் சேர்த்து 20 மாதம் லாஸ் ஆஃப் பே போட்டார். 2020 கடைசியில், உடம்பு ஒத்துழைக்காமல் விருப்ப ஓய்வு கேட்டார். ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் 20 வருடம் தகுதியுள்ள பணிக்காலம் இருக்க வேண்டும். 21 வருடம் முடிந்துவிட்டது என்று நம்பித்தான் எழுதினார். அந்த 20 மாதத்தைக் கழித்தால் 20 இல்லை. விண்ணப்பம் திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, “எம் பிள்ளைய வளத்த நாளுல்லா அது” என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் பல மாதம் வேலை பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், வீணாகப் பயப்படக் கூடாது. இருபது, இருபத்திரண்டு வயதில் சேர்ந்து முழு வயதுவரை இருக்கிறவருக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் சர்வீஸ் வரும். 30க்கு மேல் இருப்பது பென்ஷனைக் கூட்டப்போவதில்லை. அதிலிருந்து ஒன்றிரண்டு வருடம் கழிந்தால் பென்ஷன் பங்கில் ஒன்றும் குறையாது. அடி விழுவது தாமதமாகச் சேர்ந்தவருக்கு, பாதியில் போகிறவருக்கு. அப்பா 27 வயதில், வயதுத் தளர்வில் கடைசி வாய்ப்பாகச் சேர்ந்தவர். அவர் காலத்தில் ஓய்வு வயது 58. அது 2020 மே மாதம் 59 ஆகி, 2021இல் 60 ஆயிற்று. ஒரு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் இந்தக் கணக்கே எங்களுக்கு வந்திருக்காது. குடும்ப ஓய்வூதியமும் இதனால் குறையாது, அது கடைசிச் சம்பளத்தை வைத்துப் போடுவது.

2003 ஏப்ரலுக்குப் பிறகு பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்ந்தவர்களுக்குக் கதை வேறாக இருந்தது. சம்பளமும் படியும் சேர்ந்ததில் மாதம் 10 சதவீதம் பிடித்தம், அதே அளவு அரசின் பங்கு என்று இருந்தது. சம்பளமே இல்லாத மாதத்தில் பிடித்தமும் இருக்கவில்லை, அரசின் பங்கும் இருக்கவில்லை. அந்த மாதம் அவர்கள் கணக்கில் வெற்றிடமாகவே நின்றது.

சம்பளமில்லா விடுப்பைக் கண்டு பயந்து, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிற தம்பிகளும் இருக்கிறார்கள். அது பெரிய ஆபத்து. போலீசில் 21 நாள் அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால் ‘ஓடிப்போனவர்’ என்று நடவடிக்கை எடுப்பார்கள். விடுப்பில் போனது சில மாதம் என்றால், இதில் அதுவரை பார்த்த வேலைக்கே மோசம் வந்துவிடலாம். வீட்டில் என்ன இடி விழுந்தாலும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் உடம்புக்கு முடியவில்லை என்றால் சான்றைக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். விடுப்பு ஆணை வந்ததும் அந்த மூன்று சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பணிப்பதிவேடு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, அரசு ஊழியருக்கான ‘களஞ்சியம்’ செயலியில் பார்க்கலாம். ஆனால் பழைய காகிதத்தில் விட்டுப்போனது கம்ப்யூட்டரிலும் விட்டுப்போய்த்தான் இருக்கும். சர்வீஸ் முடிகிற நேரத்தில் தேடாதீர்கள், விடுப்பு முடிந்து சேர்ந்த அதே மாதத்தில் பாருங்கள். எல்லார் வீட்டிலும் அரிசி டிரம்முக்கு மேலே எல்.ஐ.சி. பை தொங்காது.

அப்பா 2019 ஜூன் 30ஆம் தேதி எஸ்.எஸ்.ஐ.யாக, அதாவது சிறப்பு சப் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார். அந்த வருடம் ஆனித் தேர் ஜூலையில். வேட்டி கட்டிக்கொண்டு எங்களோடு வந்து ரதவீதியில் நின்றார். கை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சென்னையிலிருந்து கணக்காயர் அலுவலக ஆணை வந்த அன்று தாளை வாங்கி முதலில் நான் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான். 29 வருடம் 9 மாதம் 6 நாள், அரை வருடங்கள் 60. அந்த 6 நாள் ஏன் உறுத்தியது என்று தெரியவில்லை, மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2001இல் அப்பா எழுதிக் கொடுத்தது ஒரு முழு வருட விடுப்பு, 2002 பிப்ரவரி 7 வரை. முழுசாக எடுத்திருந்தால் 29 வருடம் 8 மாதம். 3 மாதம் தேறாமல் 59இலேயே நின்றிருக்கும். 1992இன் 5 மாதத்துக்கு நாங்கள் பட்ட பாடெல்லாம் வீணாகியிருக்கும். அப்பா ஐந்து வாரம் முன்னதாக, 2002 ஜனவரி 1ஆம் தேதியே டூட்டியில் சேர்ந்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். அப்பா அம்மாவைக் காட்டினார்.

“நாந்தான் போவச் சொன்னேன்” என்றாள் அம்மா. “பொழுதன்னைக்கும் எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கிடுதேன், போயிட்டு வாங்கன்னேன்.”

அந்த ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது. டிசம்பர் 31. வலது பக்கம் ஆபரேஷன் ஆனதால் அம்மாவுக்கு வலது கையைத் தோளுக்குமேல் தூக்க வராது, கனம் எதையும் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தரையில் போர்வையை விரித்து, பதினோரு மாதம் மடித்தே கிடந்த காக்கிச் சட்டையைத் தண்ணீர் தெளித்து, இடது கையால் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.